நிறைதட்டு

“தட்டுல ஒண்ணுமே இல்ல. ஒண்ணுமே இல்லாத தட்டைப் பட்டுத்துணி போட்டு மூடி, மேளம் வச்சு, ரத வீதி பூராவும் சுத்தித் தூக்கிட்டு வந்திருக்காவ உன் பொறந்த வீட்டு ஆளுக” என்றாள் ஆவுடை, முதல் தடவை கூடத்தில் இருந்தவர்களுக்காக, அடுத்த தடவை பந்தலில் பாயசத்துக்குக் காத்திருந்தவர்களுக்காக, அதே சொல், அதே வரிசை, பட்டுத்துணிக்கு முன்னால் ஒரு மூச்சு, மேளத்துக்குப் பின்னால் ஒரு மூச்சு, மறுபடியும் அவள் தொடங்கியபோது பந்தலில் ஓடிப்பிடித்து விளையாடிய பிள்ளைகளே கூடச் சேர்ந்து சொல்லுகிற அளவுக்கு அது பாட்டாகியிருந்தது.

“மைனி, கொஞ்சம் மெதுவா. வெளிய பந்தி நடக்கு” என்றாள் சங்கரவடிவு.

“நடக்கட்டும். நம்ம இலையிலயாவது ஏதோ வச்சிருக்கோம்லா.”

ஆவுடை சங்கரவடிவின் புருஷனுக்கு அக்கா. வாழப்போன வீடு இரண்டு தெரு தள்ளி இருந்தாலும் அவள் ஆண்டது இந்த வீட்டைத்தான். அன்றைக்குச் சங்கரவடிவின் மகள் நிவேதா பெரியவளானதற்குச் சடங்கு. இந்தக் காலத்தில் எதற்கு இந்தக் கூத்து என்று கான்வென்ட்டில் படித்த தாய் சொல்லிப் பார்த்தாள், கான்வென்ட்டில் படிக்கிற மகள் அழுது பார்த்தாள், ஊர் கேட்கவில்லை, மகள் இப்போது பட்டுச்சேலைக்கு அடியில் உயிரியல் புத்தகத்தை ஒளித்து வைத்துக்கொண்டு உம்மென்று மணையில் உட்கார்ந்திருந்தாள். தாய் மட்டும் பாதியிலேயே எதிர்ப்பை விட்டதற்குக் காரணம் இருந்தது, அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சடங்கு என்று வந்தால் தாய்மாமன் தட்டுத் தூக்கி வந்தாக வேண்டும். அப்பா போன பிறகு, வீட்டில் பங்கு வேண்டாம் என்று, தம்பி குற்றாலிங்கம் விரல் வைத்துக் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள் அவள். பங்கு கேட்காத பெண்ணுக்கு எங்கள் பக்கத்தில் பிறந்த வீடு என்பது வருகிற தட்டுத்தான்; தட்டு வருகிற வரைக்கும் வீடு இருக்கிறது.

வந்ததிலும் பார்வைக்குக் குறைவில்லை. பழம், தேங்காய், மஞ்சள், பூ, அல்வா, பட்டுப்பாவாடை, கடைசியாகப் பட்டுத்துணி போட்டு மூடிய ஒன்று என்று தட்டுகள் ஒற்றைப்படையில் வந்தன. சீர்த்தட்டைச் சுமந்து வருகிறவர்கள் தாங்களாகத் தரையில் வைக்கக் கூடாது, வீட்டுக்காரர்கள் கை நீட்டி வாங்க வேண்டும் என்பது முறை. கடைசித் தட்டைத் தம்பி பெண்டாட்டி பகவதி நீட்ட, சங்கரவடிவுதான் வாங்கினாள். வாங்கியதும் அவள் இடுப்பு ஒரு பக்கமாக இழுத்தது. வெள்ளிக் குத்துவிளக்காகத்தான் இருக்கும் என்று நினைத்து, தம்பியை மனசுக்குள் வாழ வாழ வாழ்த்தினாள். வேன்காரன் அவசரப்படுத்துகிறான் என்று அவர்கள் முதல் பந்தியிலேயே சாப்பிட்டுக் கிளம்பிப் போன பிறகுதான் ஆவுடை துணியை விலக்கினாள்.

சங்கரவடிவு குனிந்து பார்த்தாள். தட்டில் ஒன்றும் இல்லைதான். ஆனால் ஒன்றும் இல்லாத தட்டு என்றால் தட்டாவது தெரிய வேண்டும். எவர்சில்வர் அடி தெரிய வேண்டும், அதில் வெட்டின பேர் தெரிய வேண்டும், குனிகிறவளின் மூக்குத்தி தெரிய வேண்டும். எதுவும் தெரியவில்லை. நடுவில், ஒரு பலாப்பழம் உட்காருகிற இடத்தில், கறுப்பும் இல்லாமல் வெளுப்பும் இல்லாமல், ஓட்டையாகவும் இல்லாமல், எதை எடுக்க வந்தோம் என்று அடுப்படி வாசலில் மறந்துபோய் நிற்கும்போது மனசுக்குள் இருக்குமே, அது இருந்தது. பார்த்தால் பார்வை வழுக்கிக்கொண்டு விளிம்புக்கு வந்தது. தொட்டால் விரலில் ஒன்றும் படவில்லை, விரல் அடியைப் போய்ச் சேரவும் இல்லை. அங்கே ஓர் ஒன்றுமில்லாமை உட்கார்ந்திருந்தது, வட்டமாக, ஒழுங்காக, சீர் வந்த பொருளுக்கு உண்டான மிடுக்கோடு.

யாருக்கும் அது ஆச்சரியமாகப் படவில்லை. சீர் வந்த பொருளைக் குறை சொல்லித்தான் ஊருக்குப் பழக்கம். “எங்க அண்ணன் எடுத்த சேலையும் இப்படித்தான், விரிச்சுப் பாத்தா ஒண்ணும் இருக்காது” என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி குனிந்து முகர்ந்து பார்த்து, ஊசிப்போகவில்லை என்றாள்.

அப்போதுதான் சங்கரவடிவின் புருஷன் அரியநாயகம் வாயைத் திறந்தார். வருஷத்துக்கு ஒரு தடவை பேசினாலும் வரவு செலவு பார்த்துப் பேசுகிற மனுஷன்.

“அக்கா, அது தட்டுக் கணக்குல சேராதுன்னா, வந்தது இரட்டைப்படை ஆயிரும்.”

பந்தலில் மேளம் நின்றது போல இருந்தது. இரட்டைப்படையில் தட்டு இறங்கிய வீட்டுப் பெண்ணை யார் கேட்டு வருவார்கள்? நாளைக்கு ஒன்று என்றால், சடங்கு செய்து வைத்த அத்தையைத்தானே ஊர் சொல்லும்? ஆவுடை ஒரு வெற்றிலையைக் காம்பு கிள்ளி மடிக்கிற நேரம்தான் யோசித்தாள்.

“நான் இல்லன்னா சொன்னேன்? கண்ணுக்குத் தெரியலன்னுல்லா சொன்னேன். ஏளா சங்கரி, நல்லாப் பாரு, அதுல என்னமோ இருக்கு.”

இப்படியாக அது இருக்கிறது என்று முடிவாயிற்று.

மறுநாள் தட்டுகளைத் திருப்பி அனுப்ப வேண்டும். வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கிற வழக்கம் நம் வீடுகளில் கிடையாது, ஒரு கை சீனியாவது போட்டுத்தான் அனுப்புவோம். சங்கரவடிவு எல்லாத் தட்டிலும் சீனி போட்டாள். அந்தத் தட்டில் போட்ட சீனியைக் காணோம். ஒரு மஞ்சள் கிழங்கு வைத்தாள், அதையும் காணோம். சரி, உள்ளே இருப்பதை எடுத்துவிட்டுக் கழுவலாம் என்று தேங்காய் நாரால் தேய்த்தாள், சரித்துப் பார்த்தாள், வெந்நீர் ஊற்றினாள், கவிழ்த்துத் தட்டினாள், அது அசையவில்லை. காலியாக இருந்தால்தானே நிரப்பி அனுப்ப முடியும், நிரம்பியிருந்தால்தானே எடுத்துவிட்டுக் காலி பண்ண முடியும். ஆக மற்ற தட்டுகள் தம்பி ஊருக்குப் போயின. அது தங்கிவிட்டது.

அவள் தம்பிக்குப் போன் போட்டாள்.

“குத்தாலம், அந்தக் கடைசித் தட்டுல என்னப்பா வச்ச?”

“வச்சேன்க்கா. வைக்காம இருப்பனா?”

“அதான், என்ன வச்ச?”

“என்னமோ வச்சோம். பகவதிக்குத்தான் தெரியும். பிள்ள நல்லாருக்கால்லா? சரிக்கா, லைன்ல ஆள் வருது.”

உப்புத் தீர்ந்தால் உப்பு இல்லை என்று சொல்ல மாட்டாள் எங்கள் ஊர்ப் பெண், உப்பு நிறைஞ்சிருக்கு என்பாள். அரிசிப் பானை காலியானாலும் நிறைஞ்சிருக்கு, குங்குமச் சிமிழ் துடைத்துவிட்டாலும் நிறைஞ்சிருக்கு. இல்லை என்ற சொல்லை வீட்டுக்குள் விட்டால் அது பாய் விரித்துப் படுத்துவிடும் என்று பயம். அந்த வாய் அதற்கும் ஒரு பேர் வைத்தது. நிறைதட்டு. கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு ஆவுடை அதை வைக்கச் செய்தாள், வருகிறவர்களுக்கெல்லாம் தானே துணியை விலக்கிக் காட்டினாள், பூனை அதைச் சுற்றிக்கொண்டு போவதைக் காட்டினாள், ஈ உட்காராததைக் காட்டினாள். சிதம்பரத்தில் திரையை விலக்கிக் காட்டுவது என்ன, இதுதானே, அதை அங்கே போய்ப் பார்த்தால் ரகசியம், இங்கே சங்கரவடிவு வீட்டில் பார்த்தால் தட்டா என்று ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் காபி குடித்துக்கொண்டே கேட்டார், குடித்த தம்ளரை அங்கேயே வைத்துவிட்டுப் போனார். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். முக்காலியைத் துடைக்கவும், வெள்ளிக்கிழமை தட்டை இறக்கி ஏற்றவும், தம்ளர்களைக் கழுவவும் சங்கரவடிவு ஒருத்திதான். அதனால் அதன் கனம் தெரிந்ததும் அவள் ஒருத்திக்குத்தான்.

படிக்கிற காலத்தில், கடவுள் இந்த உலகத்தை எதிலிருந்து படைத்தார் என்று சிஸ்டர் ஜெர்த்ரூத் கேட்பார், வகுப்பு பூராவும் எழுந்து நின்று ஒன்றுமில்லாமையிலிருந்து படைத்தார் என்று பாட வேண்டும். “படைச்ச பொறவு மிச்சம் இருந்துச்சா சிஸ்டர்? அதை எங்க வச்சார்?” என்று கேட்டதற்காகச் சங்கரவடிவு வெயிலில் முழங்காலில் நின்றாள். மிச்சம் இருந்தது. பாத்திரம் இல்லாமல் அலைந்திருக்கிறது. இப்போது அதைத் துடைத்துக்கொண்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, தப்பில்லாத கேள்விக்கு முழங்கால் போட்டதை நினைத்து அவளுக்கு மறுபடியும் எரிச்சல் வரும்.

ஊருக்குள் வந்த எதையும் ஊர் சும்மா விடுவதில்லை, முறையாக்கிவிடும். மேலத் தெருவில் ஒரு வளைகாப்பில் அண்ணன்காரன் ஒருவன் பட்டுத்துணி மூடின தட்டைக் கொண்டுவந்து, இது நிறைதட்டு என்றான். சம்பந்தி வீட்டார் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அடுத்த முகூர்த்தத்தில் இன்னொருவன். அப்புறம் நிறைதட்டு இல்லாத சீர் சீரே இல்லை என்றாயிற்று, தட்டு அலங்காரக் கடைகளில் உள்ளே கம்பி வளைத்துக் குமிழ் வைத்த பட்டு மூடி வாடகைக்குக் கிடைத்தது, கடைசியில் தட்டுகளில் பாதி அந்த மூடிதான், உள்ளே அசல் ஒன்றுமில்லாமையும் கிடையாது, வெறும் எவர்சில்வர், வெறும் காற்று. வாங்குகிற பெண்கள் மட்டும் இடுப்பை ஒடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, அம்மாடி என்ன கனம் என்று தள்ளாட வேண்டும். தள்ளாடாதவளுக்கு அண்ணன் தம்பி மேல் பாசம் இல்லை என்று அர்த்தம்.

பக்கத்து வீட்டு முப்பிடாதி ஒருநாள் மத்தியானம் வந்து முக்காலிக்கு முன்னால் உட்கார்ந்து அழுதாள்.

“எனக்குக் கனக்கவே இல்லக்கா. நானும் தூக்கித் தூக்கிப் பாக்கேன். எங்க அண்ணன் மூணு பேரும் ஆளுக்கு ஒரு நிறைதட்டு கொண்டாந்தாவ. ஒண்ணுலயும் கனம் இல்ல. எம் மேலதான் குத்தமோ?”

“உனக்கு வந்தது வெறுந்தட்டு முப்பிடாதி. கழுவிக் கவுத்து வை, சப்பாத்திக்கு மாவு பிசையலாம்.”

“உங்களுக்கு வந்தது?”

“எனக்கு வந்தது, வைக்காம விட்டது” என்றாள் சங்கரவடிவு. முப்பிடாதிக்கு அது புரியவில்லை, மூக்கைச் சிந்திக்கொண்டு போனாள்.

குற்றாலிங்கம் பெரிய ஆளாகிப் போனான். முதல் நிறைதட்டைக் கொண்டுபோன தாய்மாமன் என்று கோயில் கமிட்டியில் சேர்த்தார்கள், கொடை விழாவில் மேடையேற்றினார்கள். “பொருள் எவனும் குடுப்பான். நான் எங்க அக்காவுக்கு மனசைக் குடுத்தேன்” என்று அவன் மைக்கில் சொன்னதை யாரோ செல்போனில் எடுத்து அனுப்பினார்கள், சங்கரவடிவு வெங்காயம் நறுக்கிக்கொண்டே பார்த்தாள். அந்தத் தை மாதம் அவனிடமிருந்து பொங்கல்படி வரவில்லை. கரும்பு இல்லை, பச்சரிசி இல்லை, மஞ்சள் குலை இல்லை. கேட்டதற்கு, “அதான் நிறைதட்டு இருக்கேக்கா, அதுக்கு மேல நான் என்ன குடுத்துற முடியும்?” என்றான். அடுத்த வெள்ளிக்கிழமை அதைத் தூக்கும்போது முக்காலியின் கால் முனகியது. அதற்கடுத்த தையிலும் வரவில்லை, முக்காலி உடைந்தது. பிறகு ஒரு தையில் தரையில் டைல்ஸ் விரிசல் விட்டது. வராத ஒவ்வொரு கரும்பும் அதற்குள் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது.

கோயம்புத்தூரில் வேலைக்குப் போய்விட்ட நிவேதா, “அம்மா, அதைத் தூக்கிக் குப்பைல போடுங்கம்மா, உங்க முதுகு போகுது” என்பாள்.

“குப்பைல போடணும்னா அது ஏதாவதா இருக்கணும்லா.”

“அப்ப ஒண்ணும் இல்லன்னு விடுங்க.”

“ஒண்ணும் இல்லாததுக்கா எனக்கு இடுப்பு வலிக்கு?”

சங்கரவடிவுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. தம்பி வர வேண்டும், அந்தத் தட்டின் ஒரு பக்கத்தை அவன் கையால் தூக்க வேண்டும், தூக்கினால் தெரிந்துவிடும், கைக்குத் தெரிந்தது வாய்க்கு வந்துவிடும், வைக்காமல் விட்டேன் அக்கா என்று அவன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், அதற்குப் பிறகு அந்த வீடு அவளுக்கு மறுபடியும் வீடுதான். “ஒரு தடவ வந்து தூக்கிப் பாரு குத்தாலம்” என்று போனில் சொல்லும்போதெல்லாம், “வாரேன்க்கா, வராம எங்க போயிருவேன்” என்பான். சொந்த ஊரில் யாருக்கும் நேரமில்லாமல் போவது பெரிய மனுஷனான பிறகுதான்.

நிவேதாவுக்குக் கல்யாணம் கூடியது. மாப்பிள்ளையின் அம்மா நல்ல மாதிரி. “நகை நட்டெல்லாம் உங்க இஷ்டம். நிறைதட்டு மட்டும் தாய்மாமன் கையால மண்டபத்துக்கு வரணும். அசல் நிறைதட்டு உங்க வீட்டுலதான இருக்கு, நாங்க குடுத்து வச்சவங்க” என்றாள். அன்றிலிருந்து சங்கரவடிவு பாடாத குறைதான். இனி அவன் வந்தாக வேண்டும், ரத வீதி பூராவும் அவன் தோளில் அது ஏறியாக வேண்டும். சமையல்காரனிடம் சண்டை போட்டாள், பூக்காரியிடம் சண்டை போட்டாள், எல்லாச் சண்டைக்கும் நடுவில் போய்த் தட்டின் விளிம்பைத் துடைத்துவிட்டு வந்தாள்.

முகூர்த்தத்தன்று காலையில் பிள்ளையார் கோயில் வாசலிலிருந்து சீர் புறப்பட வேண்டும். சங்கரவடிவு தட்டைக் காரில் ஏற்றிக் கொண்டுவந்து, தானே இறக்கி, கோயில் படிக்கட்டின் ஓரத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பட்டு வேட்டியும் செண்ட் வாசமுமாகக் குற்றாலிங்கம் வேனிலிருந்து இறங்கினான். அவன் கையில் ஏற்கெனவே ஒரு தட்டு இருந்தது, சிவப்புப் பட்டுக் குமிழ் மூடி போட்டது.

“இது என்னப்பா?”

“நிறைதட்டுக்கா.”

“அது இங்கல்லா இருக்கு.”

“அந்தக் கனத்தை எவன் தூக்குவான்? எனக்கு டிஸ்க்ல வலி, டாக்டர் ஒரு குடம் தூக்கக் கூடாதுன்னுட்டாரு. போட்டோக்கு வேற ஒசத்திப் பிடிக்கணும். மூடிட்டா எல்லாம் ஒண்ணுதான்க்கா.” அவன் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டே சிரித்தான், கூட வந்தவர்களுக்கு ஒரு தமாஷ் சொல்லுகிறவன் போல. “அன்னிக்கு சடங்குக்கு வந்தமே, அன்னிக்கும் இதே கதைதான். ரத வீதி முக்குல வந்து எண்ணிப் பாத்தா ஒரு தட்டு குறையுது. பகவதி டக்குன்னு ஒரு வெறுந்தட்டை மூடிக் கையில எடுத்துட்டா. யார் திறந்து பாக்கப்போறா?”

எல்லாரும் சிரித்தார்கள். பகவதியும் வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

இத்தனை வருஷமாக அவன் வாயிலிருந்து வர வேண்டும் என்று அவள் காத்துக் கிடந்தது இதுதான். வந்துவிட்டது. காதில் விழுந்து, பஞ்சு மாதிரி, போய்விட்டது.

“முக்குல பழக்கடை இருந்துச்சே குத்தாலம்” என்றாள் சங்கரவடிவு. “ஒரு சீப்புப் பழம் வாங்கி வச்சிருக்கலாமே.”

“அட, அந்த அவசரத்துல அது யாருக்குக்கா தோணும்?”

மனசில்லாமல் இல்லை, கையில் இல்லாமல் இல்லை. தோன்றவில்லை. மேளக்காரர்கள் தொடங்கிவிட்டார்கள். அவள் குனிந்து தட்டில் கை வைத்தாள்.

“ஏளா, அதை எதுக்கு எடுக்க?” ஆவுடை ஓடிவந்தாள். “உன் தம்பி கொண்டாந்ததோட கணக்கு ஒற்றைப்படைக்கு வந்துட்டு. அதையும் சேத்தா இரட்டையாயிரும். இங்கனயே கெடக்கட்டும், வா.”

“இருக்குன்னு நீங்கதான மைனி சொன்னிய? ஊரெல்லாம் கூப்பிட்டுக் காட்டுனிய?”

“அன்னிக்கு எண்ணிக்கைக்கு வேண்டியிருந்துச்சு, இருந்துச்சு. இன்னிக்கு வேண்டாம்.”

ஆவுடை கல் மாதிரி நேரான மனுஷி, பொய் சொல்ல மாட்டாள். சங்கரவடிவு தட்டைத் தூக்கினாள். முதலில் முழங்காலுக்கு, அங்கிருந்து இடுப்புக்கு. ஊர்வலம் நகர்ந்தது, அவள் வால் போலப் பின்னால் நடந்தாள், முன்னால் போன குமிழ் மூடிகள் எல்லாம் வெயிலில் பளபளத்துக்கொண்டு, சுமந்தவர்கள் எல்லாரும் முறைப்படி தள்ளாடிக்கொண்டு, என்ன கனம் என்ன கனம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு போக, அவள் மட்டும் தள்ளாடாமல், தள்ளாடினால் விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் ஒவ்வொரு காலாக ஊன்றி வைத்து, தார் ரோட்டில் செருப்புத் தடம் பதியப் பதிய நடந்தாள். பெண்ணோட அம்மாக்கு என்ன இவ்வளவு விறைப்பு என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் கேட்டது அவள் காதில் விழுந்தது.

மண்டப வாசலில் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் பன்னீர் தெளித்து, சந்தனம் கொடுத்து, ஒவ்வொரு தட்டாகக் கை நீட்டி வாங்கினார்கள். குற்றாலிங்கத்தின் தட்டை மாப்பிள்ளையின் அம்மாவே வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஐயோ என்ன கனம் என்றாள். கேமராக்காரன் இன்னொரு தடவை வாங்கச் சொன்னான், இன்னொரு தடவை வாங்கினாள். எண்ணிப் பார்த்தார்கள். சரியாக இருந்தது. சரியாக இருக்கிறது என்று ஒருத்தி உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள், கெட்டி மேளத்துக்கு நேரமாகிவிட்டது என்று யாரோ பதில் கொடுத்தார்கள், பன்னீர்ச் செம்பைப் படியிலேயே வைத்துவிட்டு எல்லாரும் உள்ளே திரும்பினார்கள்.

சங்கரவடிவு கீழ்ப்படியில் நின்றாள். வாங்க ஆளில்லாத தட்டைத் தானாகத் தரையில் வைக்க அவளால் முடியவில்லை. கூடாது என்பது ஒன்று, கை வரவில்லை என்பது ஒன்று. உள்ளே அவள் மகள் மணையில் உட்கார்ந்திருப்பாள், அம்மா எங்கே என்று தேடவும் செய்வாள், ஐயர் தலையைக் குனியச் சொல்லியிருப்பார்.

“இதையும் கொஞ்சம் வாங்கிக்கிடுங்களேன்” என்றாள் அவள், போகிற முதுகுகளைப் பார்த்து.

முதுகுகள் போய்க்கொண்டே இருந்தன. அதில் ஒரு முதுகு செண்ட் வாசம் அடித்தது, பட்டு அங்கவஸ்திரம் போட்டிருந்தது, கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில்தான் இருந்தது.

“குத்தாலம், உன்னைத் தூக்கச் சொல்லலப்பா. ஒரு பக்கத்தை மட்டும் பிடியேன். இறக்கி வச்சிருதேன்.”